ஓசூர் காற்றில் 18.9: ஒரு கையுறைப் பெட்டிக்கு ஆக்சிஜன் மீட்டர் செய்த அனுபவம்

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு ஆய்வகத்தைத் திறந்ததும் பையைக்கூட வைக்காமல் நேராகக் கையுறைப் பெட்டியிடம் போனேன். காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி, பதித்த கையுறைக்குள் கை விட்டு உள்ளே வேலை செய்யும் மூடிய பெட்டி அது. உள்ளே ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் திரையில் 0.14. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு விட்டுப் போனபோது 0.13 இருந்தது. ராத்திரி முழுக்க 0.01 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. நாலு மாதமாக இந்த ஒரு காலைக்காகத்தான் மெனக்கெட்டேன். மறப்பதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். தப்பாகப் போன இடங்களையும் சேர்த்துத்தான்.

நான் ஓசூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். எங்கள் துறையில் ஒரு மாணவி இரும்புச் சேர்மங்களில் வேலை செய்கிறாள். காற்றுப் பட்டால் சில நிமிடங்களில் கெட்டுப்போகும் சரக்கு. கடையில் விற்கும் கையுறைப் பெட்டி பல லட்சம் ஆகும். "நாமே ஒன்று செய்தால் என்னம்மா?" என்று துறைத் தலைவர் கேட்டார். எவ்வளவு ஆக்சிஜன் வரை தாங்கும் என்று முதலில் உட்கார்ந்து பேசினோம். 0.2 சதவீதத்துக்குக் கீழே நின்றால் போதும் என்று முடிவானது. லித்தியத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பெட்டி உதவாது. அவர்களுக்கு 1 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே வேண்டும், நமது 0.1 சதவீதமே 1000 பிபிஎம்.

பெட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம். கொள்ளளவு 324 லிட்டர். 10 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு. பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி, குளோரோஃபார்ம் விட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். கைநுழையும் வாய்க்கு 200 மில்லிமீட்டர் பிவிசி குழாயை இரண்டு துண்டாக வெட்டிப் பதித்து, நியோப்ரீன் கையுறையை அதன்மேல் இழுத்து மாட்டி ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். மூலைகளில் உள்பக்கமாகச் சிலிக்கோன் சீலன்ட் ஓட்டினேன்.

கசிவு பார்ப்பதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். 8 மில்லிமீட்டர் கண்ணாடி டியூபை யு வடிவில் வளைத்து, நீலமை கலந்த தண்ணீர் ஊற்றி, பின்னால் கிராஃப் தாள் ஒட்டினால் அதுவே அழுத்தமானி. முதல் நாள் 50 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டு வால்வை மூடினேன். நாலு நிமிடத்தில் 20க்கு இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிப் பார்த்ததில் கதவு ரப்பர் சந்திக்கும் மூலையில் நுரை பொங்கியது. ரப்பரை 45 டிகிரியில் சீவி ஒட்டிய பிறகு பத்து நிமிடத்தில் 50லிருந்து 44. அதற்கு மேல் இந்தக் கதவில் எதிர்பார்க்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது சென்சார். இங்கேதான் முதல் பணம் வீணானது.

கால்வானிக் வகை ஆக்சிஜன் செல் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று 2,100 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே ஈயத் தகடு இருக்கும். ஆக்சிஜன் பட்டால் அது கரைந்து மின்னழுத்தம் தரும். அதனால் பேட்டரி தேவையில்லை, ஆனால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஆயுள் தேய்ந்துகொண்டே இருக்கும். வந்த செல்லை வெறும் காற்றில் மல்டிமீட்டரில் வைத்தால் 6 மில்லிவோல்ட்டுக்கு மேல் வரவில்லை. கூடவே வந்த தாளில் 9லிருந்து 13 வரை வர வேண்டும் என்று போட்டிருந்தது. ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்து 26 மாதம் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட உயிர் போன செல்லை விற்றிருக்கிறார்கள். இரண்டாவது செல்லை வேறு இடத்தில், தயாரிப்பு மாதத்தைப் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு 4,800 ரூபாய்க்கு வாங்கினேன். யாராவது வாங்குவதாக இருந்தால் விலையைக் கேட்பதற்கு முன் மாதத்தைக் கேளுங்கள்.

மின்னணுப் பகுதி எளிது. நிரல் ஓட்டும் இஎஸ்பி32 போர்டு, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 மாற்றி, சின்ன ஓஎல்இடி திரை. மாற்றியின் பெருக்கத்தை 16இல் வைத்தால் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட். நமது செல்லுக்கு ஒரு சதவீத ஆக்சிஜன் என்பது சுமார் 0.5 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால் 0.015 சதவீதம் வரை பிரித்துப் பார்க்கலாம். அதனால் திரையில் மூன்றாவது தசமத்தைக் காட்டாமல் விட்டேன்; அது காட்டுவது உண்மையாக இருக்காது. முதலில் அளவு மேலும் கீழும் குதித்தது. பெட்டி வாயுவைச் செல்லுக்கு இழுத்துவரும் பம்பின் மோட்டாருக்குப் பக்கத்தில் சென்சார் ஒயர் போனதுதான் காரணம். ஒயர்களைப் பின்னி முறுக்கி, தள்ளி ஓட்டி, 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைக் குறுக்கே போட்டதும் அடங்கியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு மீட்டர் வேண்டும். இதைச் செலவு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. நைட்ரஜனுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. மூச்சு முட்டுகிற உணர்வு உடம்பில் கரியமில வாயு சேர்வதால் வருகிறது. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படிச் சொல்லாது. எங்கள் கருவி அறை 3 மீட்டர், 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். ஆக 36 கன மீட்டர். ஒரு சிலிண்டரில் 7 கன மீட்டர் நைட்ரஜன். ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டிருக்கும்போது முழுச் சிலிண்டரும் கசிந்தால் அறை ஆக்சிஜன் 17 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆகவே பெட்டியிலிருந்து வெளியேறும் வாயுவை ஜன்னல் வழியாக வெளியே விட்டோம். கூடவே சென்னையில் தெரிந்த ஓர் ஆய்வகத்திலிருந்து கைக்கு அடக்கமான அலாரம் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். 19.5க்குக் கீழே போனால் கத்தும்.

ஆன் செய்ததும் கத்தியது. திரையில் 18.9.

சிலிண்டர் வால்வையே அப்போது திறக்கவில்லை. இருந்தாலும் எல்லாரையும் வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, ஃபேன் போட்டேன். பத்து நிமிடம் கழித்தும் 18.9. ஒரு தம்பி மீட்டரை எடுத்துக்கொண்டு வளாகத்தில் இருக்கும் புங்கமரத்தடிக்குப் போனான். அங்கிருந்தே கத்தினான்: "அக்கா, இங்கயும் அதே 18.9தான் காட்டுது!"

மரத்தடியில் ஆக்சிஜன் குறைய வழியில்லை. மீட்டர் கெட்டுவிட்டது, அலாரத்தை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. கத்தும் மீட்டரை ஒருமுறை அணைத்துப் பழகிவிட்டால் அப்புறம் அது உண்மையாகக் கத்தும்போதும் அணைக்கத்தான் கை போகும்.

அன்று ராத்திரி யோசித்ததில்தான் புரிந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 20.9தான். ஆனால் காற்றழுத்தம் இங்கே குறைவு. சவ்வு வைத்த இந்த வகை செல் பங்கை அளப்பதில்லை, ஆக்சிஜனின் அழுத்தத்தை அளக்கிறது. சென்னையில் 1008 ஹெக்டோபாஸ்கலில் 20.9 என்று சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள். இங்கே 910. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: 20.9ஐ 910ஆல் பெருக்கி 1008ஆல் வகுத்தால் 18.87. மீட்டர் சொன்னது சரிதான். காலையில் மரத்தடியிலேயே வைத்து, கையேட்டில் சொன்னபடி சுத்தக் காற்றுக்குச் சரிசெய்தோம். 20.9க்கு வந்தது, அலாரம் அடங்கியது. நுண்துளை வழியாகக் காற்றை விடும் வேறு வகை செல்களும் உண்டு; அவற்றுக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வாங்கிய செல்லும் சவ்வு வகைதான். அது அழுத்தத்துக்கு எவ்வளவு ஒழுங்காக மாறுகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை வந்தது. அதற்கு அழுத்த அறை ஒன்றும் வேண்டாம், எனக்கு அம்மா வீடு ஓசூரைவிடத் தாழ்வான தருமபுரியில். 120 ரூபாய்க்கு ஒரு பிஎம்பி280 அழுத்த சென்சார் வாங்கிப் போர்டில் சேர்த்தேன். எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் அடக்கி, பவர் பேங்க்கில் சொருகி, சனிக்கிழமை ஓசூரில் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம், கண்ணாடி திறந்து. ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிற டப்பாவைப் பார்த்த கண்டக்டர் முகம் மாறிவிட்டது. "என்னம்மா அது?" என்றார். திரையைக் காட்டி, காற்றை அளக்கிறேன் அண்ணா என்றேன். சூளகிரி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் 910 ஹெக்டோபாஸ்கல், 10.60 மில்லிவோல்ட். மேலுமலை இறக்கத்தில் இரண்டு எண்களும் ஒன்றாக ஏற ஆரம்பித்தன. கிருஷ்ணகிரியில் 952, 11.09. காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியில் பெரிய மாற்றமில்லை. தருமபுரியில் 956, 11.14. மில்லிவோல்ட்டை அழுத்தத்தால் வகுத்தால் மூன்று ஊரிலும் 0.01165. நான்கு இலக்கமும் பிசகவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதிலிருந்து நிரலில் மில்லிவோல்ட்டை நேரடியாகச் சதவீதமாக மாற்றுவதை விட்டேன். முதலில் அழுத்தத்தால் வகுத்து, பிறகு 0.01165ஆல் வகுத்து, 20.9ஆல் பெருக்குகிறது. சுழி நிலைக்கு, சிலிண்டர் நைட்ரஜனை நேராகச் செல்மேல் விட்டுப் பார்த்தேன், 0.03 மில்லிவோல்ட் மிச்சம் நின்றது. 99.999 சதவீதத் தூய நைட்ரஜன் சிலிண்டரிலும் அதே 0.03. ஆகவே அது செல்லின் சொந்தப் பிழை. அதையும் கழித்தேன்.

இனிப் பெட்டியை நிரப்புவது. உள்ளே சின்னக் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று ஓடினால் வாயு நன்றாகக் கலக்கும். அப்படிக் கலந்தால், பெட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நைட்ரஜன் விட்டதும் ஆக்சிஜன் 1 சதவீதத்துக்கு வரும். ஐந்து மடங்கில் 0.14; ஏழு மடங்கில் 0.02. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று ரோட்டாமீட்டரில் (வாயு ஓட்டம் காட்டும் கருவி) வைத்தால் ஏழு மடங்குக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு சிலிண்டர் மூன்று தடவைக்கு வரும்.

மூன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் 0.39. இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். 0.39.

கசிவுதான் என்று நினைத்து இரண்டு நாள் சோப்புத் தண்ணீரோடு அலைந்தேன். கையுறைக் கிளிப்பை இறுக்கினேன், கதவைக் கழற்றி மாட்டினேன், மூலைகளில் மறுபடியும் சீலன்ட் ஓட்டினேன். எண் அசையவில்லை. மூன்றாம் நாள் மாதிரி எடுக்கும் பம்பின் வேகத்தைத் தற்செயலாகக் குறைத்தபோது எண் ஏறியது. உடனே உட்கார்ந்து முறையாக அளந்தேன். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் ஓட்டத்தில் 0.21. 100இல் 0.39. 50இல் 0.66. பெட்டிக்குள் இருப்பது ஒன்றேதான். பம்ப் மெதுவானால் அது மாற வேண்டிய காரணமில்லை. அப்படியானால் ஆக்சிஜன் வழியிலேயே சேர்கிறது. வாயு மெல்லப் போனால் சேர்வதற்கு நேரம் அதிகம்.

வழி என்பது மூன்று மீட்டர் சிலிக்கோன் டியூப். மேசைக்கு அந்தப் பக்கம் திரை இருந்தால் வசதி என்று அத்தனை நீளம் விட்டிருந்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. சோப்பு நுரை வராது. சிலிக்கோன் ரப்பரின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும். பிளாஸ்டிக், ரப்பர் வகைகளில் ஆக்சிஜனை இவ்வளவு தாராளமாக விடுவது வேறு அதிகம் இல்லை. பார்க்கத் தடிமனாக, வளைக்க எளிதாக, ஆய்வகத்தில் எப்போதும் கையில் இருப்பதாக இருக்கும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வராது. டியூபைக் கழற்றிவிட்டு 40 சென்டிமீட்டர் நைலான் குழாய் போட்டேன், மீட்டர் 45 ரூபாய். பம்பையும் பெட்டிக்கு உள்ளே மாற்றினேன். பம்பில் கசிவிருந்தாலும் அது இழுப்பது பெட்டி வாயுவைத்தான். அதே 100 மில்லிலிட்டர் ஓட்டத்தில் 0.13. ஓட்டத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் இரண்டாவது தசமம்கூட மாறவில்லை.

செல்லையே பெட்டிக்குள் வைத்திருக்கலாமே என்று துறைத் தலைவர் கேட்டார். கரைப்பான் ஆவியும் அமில ஆவியும் செல்லைக் கெடுக்கும். செல் தீரும்போது பெட்டியைத் திறக்காமல் மாற்றவும் வேண்டும். அதனால் வெளியே ஒரு பிவிசி டீயில் (T வடிவக் குழாய் இணைப்பு) வைத்து, முன்னும் பின்னும் வால்வு போட்டேன். 600, 700 டிகிரிக்குச் சூடாகும் ஜிர்கோனியா சென்சார் இன்னும் நுட்பமானதுதான். ஆனால் ஆல்கஹால் ஆவி இருந்தால் அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆபத்தான பக்கம் பொய் சொல்லும் கருவி எனக்கு வேண்டாம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாலை 0.13 என்று மூடிவிட்டுப் போனால் காலையில் 0.9. மூன்று நாள் இப்படியே. பதிவை எடுத்துப் பார்த்தால் மாலை ஆறிலிருந்து நடுராத்திரி வரை மெதுவாகவும், இரண்டு மணிக்கு மேல் வேகமாகவும் ஏறுகிறது. காலை ஏழுக்கு நின்றுவிடுகிறது. கசிவு என்றால் நேரம் பார்த்து வராது. பக்கத்திலேயே வெப்பநிலைக் கோட்டை வரைந்தேன். மாலை 27 டிகிரி, விடியற்காலை 16. மார்கழி ஓசூர் அப்படித்தான். 11 டிகிரி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் வாயு 3.7 சதவீதம் சுருங்கும். 324 லிட்டருக்கு அது 12 லிட்டர். அந்த 12 லிட்டரை வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் 0.77 சதவீத ஆக்சிஜன். 0.13ஓடு கூட்டினால் 0.9. பெட்டி ராத்திரியில் மூச்சு இழுக்கிறது.

இதற்கு வழி, ராத்திரி முழுக்க நைட்ரஜனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியேறும் குழாயை எண்ணெயில் அமிழ்த்தி வைப்பது. வாயு குமிழியாக வெளியே போகும், காற்று உள்ளே வராது. அன்று சனிக்கிழமை. அதற்கு ஊற்றும் லிக்விட் பாரஃபின் எண்ணெய் தீர்ந்திருந்தது. விடுதி சமையலறையில் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டேன். இதைச் செய்திருக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். விடியற்காலையில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிப்போய்க் குழாயை அடைத்துவிட்டது. நான் போனபோது இரண்டு கையுறைகளும் வெளியே நீட்டி, விரல்கள் விறைத்து நின்றன. ரெகுலேட்டரைக் குறைவாக வைத்திருந்ததால் அக்ரிலிக் பிளக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட வைத்திருந்தால் ஒட்டிய மூலை திறந்திருக்கும்.

இப்போது லிக்விட் பாரஃபின். அது இங்கத்துக் குளிருக்கு உறைவதில்லை. குழாய் முனை எண்ணெய்க்குள் 15 மில்லிமீட்டர் ஆழம். நைட்ரஜன் நிமிடத்துக்கு 0.3 லிட்டர், 14 மணி நேரத்துக்கு 252 லிட்டர். கூடவே இரண்டாவது குமிழிக்குப்பி ஒன்று 40 மில்லிமீட்டர் ஆழத்தில். முதலாவது அடைத்தால் அது வழி விடும்.

நேற்றுக் காலை 0.14 பார்த்ததும் மாணவியைக் கூப்பிட்டேன். தண்ணீரை முக்கால் மணி நேரம் நைட்ரஜன் குமிழிவிட்டு முதலில் தயார் செய்தோம். தண்ணீருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மறந்தால் பெட்டி இருந்தும் பயனில்லை. அவள் கையுறைக்குள் கை விட்டு, ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டினாள். வெளியே மேசையில் இதே சோதனை செய்தால் விழும் வீழ்படிவு கண் முன்னாலேயே அழுக்குப் பச்சையாகி, ஓரத்திலிருந்து துருப்பிடிக்கும். உள்ளே வெள்ளையாக விழுந்தது. நீர்த்த பால்போல. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய பச்சை ஓடியது. "அக்கா, இது வெள்ளைன்னு புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்" என்றாள். பதினைந்து வருடமாக ஆய்வகத்தில் இருக்கிற நானும் நேற்றுத்தான் பார்த்தேன்.

செலவு: பெட்டி 14,500, கையுறை 3,600, கிளிப், குழாய், சீலன்ட் எல்லாம் சேர்த்து 1,900, இரண்டு செல்லும் 6,900, மின்னணு 1,450, பம்ப் 400, ரோட்டாமீட்டர் 1,300, ரெகுலேட்டர் 2,600, குழாய் வால்வு 1,200. நைட்ரஜன் ஆறு சிலிண்டர் 5,100. இதில் பாதியாவது சிலிக்கோன் டியூபைத் தேடிய நாட்களில் போனது. மொத்தம் 38,950 ரூபாய்.

மறுபடி செய்வதாக இருந்தால் பெட்டியை 60 சென்டிமீட்டர் நீளத்தில் நிறுத்துவேன். உள்ளே பாதி இடம் சும்மா கிடக்கிறது, அதற்கும் நைட்ரஜன் போகிறது. நியோப்ரீனுக்குப் பதில் பியூட்டைல் கையுறை. விலை கூட, ஆனால் ஆக்சிஜனை மிகக் குறைவாகவே விடும். பொருள் உள்ளே வைக்க இப்போது கதவையே திறக்கிறோம், ஒவ்வொரு முறையும் மூன்றே முக்கால் மணி நேரம் போகிறது. அடுத்த மாதம் பக்கவாட்டில் 6 அங்குலக் குழாயில் ஒரு நுழைவறை வைக்க வேண்டும்; குழாயும் இரண்டு மூடியும் வாங்கி வைத்துவிட்டேன். செல் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் டீயின் மேலேயே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் காலையில் காற்றில் வைத்து மில்லிவோல்ட்டை நோட்டில் குறிக்கிறேன். போன வாரம் 10.58.